அடங்கிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள்: ஆண்களுக்கு வரும் பால்வினை நோய்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

லாரி ஓட்டுநர்கள் நடுவே எட்டு வருடம் களப்பணியாளராக இருந்தேன். டீக்கடைக்குப் பின்னால் தனியாகக் கூட்டிக்கொண்டு போய், குரலைத் தாழ்த்தி, அநேகமாக எல்லோரும் ஒரே மாதிரிதான் ஆரம்பிப்பார்கள். "போன மாசமே வந்துச்சுண்ணே, மெடிக்கல்ல சொல்லி மாத்திரை வாங்கிப் போட்டேன், அடங்கிருச்சு. இப்ப மறுபடியும்..." அந்த "அடங்கிருச்சு" என்ற வார்த்தைதான் இந்த நோய்களில் ஆளைக் கவிழ்ப்பது. சீழ் நிற்பதும் புண் ஆறுவதும் குணமானதற்கு அடையாளம் கிடையாது, சில நோய்களில் அது அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டதற்கான அடையாளம். நான் மருத்துவர் இல்லை. ஆனால் நிறைய பேரைக் கையைப் பிடித்து மருத்துவமனைக்குக் கூட்டிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், அதிலிருந்து கற்றதையும் மருத்துவர்களிடம் கேட்டுத் தெளிந்ததையும் வரிசையாக எழுதுகிறேன்.

முதல் படி: இன்றைக்கே செய்ய வேண்டியவை

சந்தேகம் வந்த நிமிடத்திலிருந்து உடலுறவை நிறுத்துங்கள், மனைவியோடும் சேர்த்துத்தான். ஆணுறை போட்டுக்கொள்ளலாமே என்று கேட்பார்கள். புண் ஆணுறை மூடாத இடத்திலும் இருக்கலாம் என்பதால் இப்போதைக்கு அதுவும் வேண்டாம்.

மெடிக்கலில் சொல்லி மாத்திரை வாங்காதீர்கள். சீழ் வடியும் வெட்டை நோய்க்கு (கோனோரியா) ஒரு காலத்தில் சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரை நன்றாக வேலை செய்தது, இப்போது அந்தக் கிருமி அதற்குப் பழகிப்போய்விட்டது, ஆனாலும் கடையில் கேட்டால் அதைத்தான் பல இடங்களில் எடுத்துக் கொடுக்கிறார்கள். அரைகுறையாக நாலு மாத்திரை போட்டால் இரண்டு கேடு: கிருமி சாகாது, அதே சமயம் லேபில் சோதித்தாலும் சரியாகத் தெரியாது.

புண்மேல் டெட்டால், சுண்ணாம்பு, யாரோ சொன்ன களிம்பு எதுவும் வைக்க வேண்டாம். வெறும் தண்ணீரில் கழுவி ஈரம் ஒற்றி எடுத்தால் போதும். சீழ் வருகிறதா என்று மணிக்கொரு தரம் உறுப்பைப் பிதுக்கிப் பார்ப்பதையும் விடுங்கள், அந்தப் பிதுக்கலே எரிச்சலை உண்டாக்கும். கடைசியாக உறவு வைத்த நாள், முதல் அறிகுறி தெரிந்த நாள் இரண்டையும் போனில் குறித்துக்கொள்ளுங்கள், புண்ணோ தடிப்போ இருந்தால் ஒரு படமும் எடுத்து வையுங்கள். இடைப்பட்ட நாட்களின் கணக்கு மருத்துவருக்குப் பாதி பதிலைச் சொல்லிவிடும்.

சில நேரம் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடவே கூடாது. ஒரு பக்க விதை திடீரென்று தாங்க முடியாமல் வலித்து, மேலே ஏறினாற்போல இருந்து, வாந்தியும் வந்தால் அது விதை முறுக்கிக்கொண்டதாக இருக்கலாம். அது பால்வினை நோயே இல்லை, ஆனால் சுமார் 6 மணி நேரத்துக்குள் அறுவை செய்யாவிட்டால் விதையையே இழக்க நேரிடும், நடுராத்திரி என்றாலும் கிளம்புங்கள். பின்னுக்குத் தள்ளிய முன்தோல் திரும்ப மூடாமல் வீங்கிக்கொண்டாலும், ஒண்ணுக்கே போக முடியாமல் போனாலும் அவசரப் பிரிவுதான்.

இன்னொரு அவசரம் அறிகுறி எதுவும் வருவதற்கு முன்பே உள்ளது. நேற்றோ முந்தாநாளோ ஆணுறை கிழிந்தது, எதிராளிக்கு எச்.ஐ.வி. இருக்கலாம் என்று பயம் என்றால், 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்து 28 நாள் சாப்பிட வேண்டிய தடுப்பு மருந்து இருக்கிறது. எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. ஏ.ஆர்.டி. மையத்திலோ (எச்.ஐ.வி.க்கு மருந்து தரும் மையம்) தொற்றுநோய் மருத்துவரிடமோ கேளுங்கள். 72 மணி தாண்டிவிட்டால் அதனால் பயன் இல்லை.

இரண்டாம் படி: எந்த வகை என்று பார்ப்பது

வெளிச்சத்தில், முன்தோலைப் பின்னுக்குத் தள்ளி, மொட்டு, விதைப்பை, தொடையிடுக்கு, மலவாய் ஓரம், அப்புறம் வாய், உள்ளங்கை, உள்ளங்கால் வரை பாருங்கள். நோயின் பெயரை நீங்களே முடிவு செய்வதற்காகச் சொல்லவில்லை, மருத்துவரிடம் எதையும் விடாமல் சொல்ல வேண்டுமே, அதற்காக.

*சீழோ நீரோ வடிந்தால்.* ஒண்ணுக்குப் போகும்போது எரிச்சல், ஜட்டியில் மஞ்சளாகவோ பச்சையாகவோ கெட்டியான கறை, உறவுக்கு 2 முதல் 7 நாளுக்குள் தொடக்கம் என்றால் பெரும்பாலும் கோனோரியா, ஊர் வழக்கில் வெட்டை. ஒன்று முதல் மூன்று வாரம் கழித்து, காலையில் மட்டும் ஒரு சொட்டு, தண்ணீர் மாதிரி அல்லது லேசாக வெண்மையாக, எரிச்சலும் குறைவு என்றால் கிளமிடியாவாக இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டும் சேர்ந்தே வருவதும் சாதாரணம், அதனால்தான் மருத்துவர்கள் பெரும்பாலும் இரண்டுக்கும் சேர்த்து மருந்து தருகிறார்கள். மருந்தே போடாவிட்டாலும் வெட்டையின் சீழ் சில வாரங்களில் தானாகக் குறைந்துபோகலாம். ஆனால் கிருமி உள்ளேயே தங்கி விதைக்குப் பின்னாலுள்ள குழாயில் ஏறி, ஒரு பக்கம் விதைப்பை வீங்கிச் சிவந்து, நடக்க முடியாமல் காலை அகட்டி வைத்து வந்த ஓட்டுநர்களை நான் பார்த்திருக்கிறேன். குழந்தைப் பேறு பாதிக்கப்படுவது அந்த இடத்தில்தான்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கிளர்ச்சியின்போது வரும் நிறமற்ற வழவழப்பான நீர் இயல்பானது. சில நாள் ஒண்ணுக்கு வெள்ளையாகக் கலங்கிப் போவது பெரும்பாலும் அதிலுள்ள உப்புகளால்தான், "தாது" கரைந்து போகவில்லை. இந்தப் பயத்தை வைத்தே பிழைக்கும் கூட்டம் ஒன்று இருக்கிறது. மாதத்தில் இன்ன தேதி இன்ன லாட்ஜில் இருப்பேன் என்று சுவரொட்டி ஒட்டி வருகிறார்கள், லேகியமும் பஸ்பமும் ஆயிரக்கணக்கில் விற்கிறார்கள். அங்கே மாதக்கணக்கில் சாப்பிட்டுவிட்டு, உண்மையான நோய் முற்றிய பிறகு வந்தவர்களை நினைத்தால் இன்றைக்கும் கோபம் வருகிறது.

*புண் இருந்தால்.* இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், ஆட்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். முதல் கேள்வி: வலிக்கிறதா?

வலியே இல்லாமல், ஒரே ஒரு புண், ஓரம் தடித்து, தொட்டால் பொத்தான் மாதிரி கெட்டியாக, தொடையிடுக்கில் நெறி கட்டி, அதுவும் வலிக்காமல் இருந்தால் சிபிலிஸ் என்று நினைத்து உடனே போங்கள். மேகப்புண், கிரந்தி என்றெல்லாம் பழைய ஆட்கள் சொன்னவற்றில் இதுவும் சேர்த்தி. உறவுக்கு 10 நாளிலிருந்து 90 நாளுக்குள் வரும், மூன்று வாரம் என்பது சராசரி. இந்தப் புண் எந்த மருந்தும் இல்லாமலே 3 முதல் 6 வாரத்தில் ஆறிவிடும். களிம்பு தடவியவர் களிம்பால் ஆறியது என்பார், வேண்டுதல் வைத்தவர் வேண்டுதலால் என்பார், இதற்குள் கிருமி ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கப் பரவியிருக்கும். சில வாரமோ சில மாதமோ கழித்து, உடம்பில் அரிக்காத தடிப்புகள் வரும், முக்கியமாக உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும். கூடவே காய்ச்சல், வாய்க்குள் வெள்ளைப் படை, பூச்சி அரித்தாற்போலத் திட்டுத்திட்டாக முடி கொட்டுதல், மலவாய் ஓரம் ஈரமான தட்டைத் தடிப்பு. அதுவும் தானாக மறையும். அப்புறம் வருடக்கணக்கில் ஒன்றுமே தெரியாது, ரத்தத்தில் மட்டும் இருக்கும். சிகிச்சை இல்லாமல் விட்டவர்களில் ஒரு பகுதியினருக்குப் பத்து, இருபது வருடம் கழித்துக்கூட இதயம், மூளை, நரம்பு என்று தாக்கும். கண்பார்வையும் காதும் பாதிக்கப்படுவது எந்தக் கட்டத்திலும் நடக்கலாம். வளைகுடா வேலைக்கு மெடிக்கல் எடுக்கப் போய், அங்கே ரத்தச் சோதனையில் சிபிலிஸ் என்று வந்த பிறகுதான், ஆமாம், இரண்டு வருடம் முன்னால் ஒரு சின்னப் புண் வந்து ஆறியது என்று ஞாபகம் வந்தவர்கள் உண்டு.

வலியும் எரிச்சலுமாகச் சின்னச் சின்ன நீர்க்கொப்புளங்கள் கொத்தாக வந்து, உடைந்து மேலோட்டமான புண்ணானால் அது பிறப்புறுப்பு ஹெர்பிஸ். 2 முதல் 12 நாளுக்குள் வரும். முதல் முறை காய்ச்சலோடு இரண்டு, மூன்று வாரம் படுத்தும். அதே இடத்தில் திரும்பத் திரும்ப வந்து போவதும், வருவதற்கு ஒரு நாள் முன்பு அங்கே ஊசி குத்தினாற்போல நமநமப்பதும் இதன் குணம். நன்றாக வலிக்கும், சொதசொதவென்ற ஆழமான புண்ணும் பக்கத்தில் சீழ்க்கட்டியும் என்றால் ஷாங்கிராய்டு, அது இப்போது அரிது. பெரிதாக வலிக்காமல் ரத்தச் சிவப்பாக வளர்ந்துகொண்டே போய், தொட்டால் ரத்தம் வரும் புண் டோனவனோசிஸ், அதையும் இப்போது அபூர்வமாகத்தான் பார்க்கிறார்கள்.

*அரையாப்பு.* தொடையிடுக்கில் எலுமிச்சை அளவுக்குக் கட்டி, புண் வந்ததே ஞாபகம் இல்லை என்றால் கிளமிடியாவின் வேறொரு வகை அது. பிளேடால் கீறிவிடாதீர்கள், சீழ் வடியும் ஆறாத துளையாகிவிடும். ஊசி போட்டுச் சீழை உறிஞ்சி எடுப்பது மருத்துவர் செய்ய வேண்டிய வேலை.

*மரு, முளை.* காலிஃபிளவர் மாதிரி சொரசொரப்பான சதை முளைகள் எச்.பி.வி. என்ற வைரஸால் வரும் மருக்கள். தொற்றிய பிறகு வாரங்களோ மாதங்களோ கழித்து வருவதால் "யாரிடமிருந்து, எப்போது" என்று கண்டுபிடிப்பது அநேகமாக முடியாத காரியம், அதை வைத்து மனைவியைச் சந்தேகப்பட்டுச் சண்டை போடாதீர்கள். நடுவில் குழிந்த முத்து மாதிரி இருந்தால் பாலுண்ணி வகை.

*அரிப்பு.* ராத்திரியில் அதிகமாகும் அரிப்பு, விரல் இடுக்கிலும் இடுப்பிலும் கூட இருக்கிறது, விதைப்பையிலும் உறுப்பிலும் சின்ன உருண்டைகள் என்றால் சொறி. தொடையிடுக்கில் வட்டமாகப் பரவி ஓரம் மட்டும் சிவந்திருந்தால் படர்தாமரை, அது பால்வினை நோய் என்று சொல்ல முடியாது. அதற்குக் கடையில் தரும் மூன்று மருந்து கலந்த ட்யூபில் ஸ்டீராய்டு இருக்கும், இரண்டு நாள் சுகமாக இருந்துவிட்டு அப்புறம் இரண்டு மடங்காகப் பரவும்.

*பால்வினை நோயே இல்லாதவை.* மொட்டின் விளிம்பைச் சுற்றி வரிசையாக, ஒரே அளவில், சின்ன முத்துகள் கோத்தாற்போல இருப்பவை இயல்பான உடலமைப்பு. உறுப்பின் தோலில் மஞ்சள் கலந்த சின்னப் புள்ளிகள் எண்ணெய்ச் சுரப்பிகள். இவற்றைப் பார்த்துப் பயந்து ஆசிட் வைத்துக்கொண்டவர்கள் உண்டு, தயவு செய்து தொடாதீர்கள். ஏதோ மாத்திரை போட்ட ஒன்றிரண்டு நாளில், ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் கருஞ்சிவப்பாகத் திட்டு வந்து புண்ணாகிறதா? அது மருந்து ஒவ்வாமை. வலி மாத்திரை, சில ஆன்டிபயாடிக், வயிற்றுப்போக்குக்குப் போடும் சில மாத்திரைகளுக்கு இப்படி வரும். முன்தோல் வெடித்து, வெள்ளையாக மாவு படிந்து, அரிப்பு இருந்தால் பூஞ்சை. அப்படி வருபவர் முதலில் பார்க்க வேண்டியது சர்க்கரை அளவை. ஏற்கெனவே சர்க்கரைக்கு டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் இது வரும், ஏனென்றால் அந்த மருந்து சர்க்கரையை ஒண்ணுக்கு வழியாக வெளியேற்றுகிறது.

*ஒன்றுமே இல்லை என்றால்.* எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, மறைந்திருக்கும் சிபிலிஸ், பாதிக்கும் மேற்பட்ட கிளமிடியா, தொண்டையிலும் மலவாயிலும் தங்கும் வெட்டை எல்லாம் வெளியே காட்டாதவை. பாதுகாப்பில்லாத உறவு நடந்திருந்தால் அறிகுறிக்காகக் காத்திராமல் அடுத்த படிக்கு வாருங்கள்.

மூன்றாம் படி: எங்கே போவது, என்ன சொல்வது

தமிழ்நாட்டில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் பால்வினை நோய்ப் பிரிவு இருக்கிறது, சுகவாழ்வு மையம் என்று பலகை இருக்கும். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இதற்கென்றே தனி நிலையம் உண்டு. எச்.ஐ.வி. சோதனைக்கு நம்பிக்கை மையம். இரண்டிலும் சோதனை இலவசம், சுகவாழ்வு மையத்தில் மருந்தும் இலவசம். தனியாரிடம் போவதென்றால் பலகையில் "தோல் மற்றும் பால்வினை நோய் நிபுணர்" என்று எம்.டி. படிப்போடு போட்டிருக்கிறதா பாருங்கள். எங்கே போவதென்று தெரியாவிட்டால் 1097 என்ற இலவச எண்ணில் பெயர் சொல்லாமலே கேட்கலாம்.

சீட்டுப் போடும் இடத்தில் நோயைச் சொல்லத் தேவையில்லை, "தோல் டாக்டரைப் பார்க்கணும்" என்றால் போதும். உள்ளே போனதும் இப்படிச் சொல்லுங்கள்: "சார், 12 நாள் முன்னாடி ஆணுறை இல்லாம உறவு வெச்சேன். நாலு நாளா எரிச்சல், சீழ் வருது. மெடிக்கல்ல ரெண்டு மாத்திரை போட்டேன்." பெண் மருத்துவராக இருந்தாலும் "மேடம்" என்று போட்டு இதையேதான் சொல்ல வேண்டும், அவர்கள் தினமும் பார்ப்பதுதான். பென்சிலின் ஒவ்வாமை, மனைவி கர்ப்பம், சர்க்கரை, இவை இருந்தால் கேட்காமலே சொல்லிவிடுங்கள்.

ஆணோடு உறவு வைத்தவர்கள் அதையும் சொல்லுங்கள், வாய்வழியா மலவாய்வழியா என்பதையும். சொன்னால்தான் தொண்டையிலும் மலவாயிலும் மாதிரி எடுப்பார்கள், இல்லாவிட்டால் ஒண்ணுக்கை மட்டும் சோதித்து ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடுவார்கள். வயது வந்த இருவர் சம்மதத்தோடு வைக்கும் உறவு குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டது. முகம் சுளிக்கும் மருத்துவர் கிடைத்தால் வேறு மருத்துவரைப் பாருங்கள், சிகிச்சையை விட்டுவிடாதீர்கள்.

நான்காம் படி: சோதனைகள்

சீழ் வடிபவர்கள் போவதற்கு முன் ஒரு மணி நேரமாவது ஒண்ணுக்குப் போகாமல் இருங்கள், இரண்டு மணி என்றால் இன்னும் நல்லது. போய்விட்டால் கிருமி கழுவிக்கொண்டு போய்விடும். சீழைக் கண்ணாடித் தகட்டில் தடவிச் சாயம் ஏற்றிப் பார்த்தால், ஆண்களுக்கு வெட்டை அநேகமாக அங்கேயே தெரிந்துவிடும். கிளமிடியாவுக்கு ஒண்ணுக்கின் முதல் பகுதியைப் பிடித்து பி.சி.ஆர். வகைச் சோதனை செய்ய வேண்டும், எல்லா ஊரிலும் கிடைக்காது, அதனால் அறிகுறியை வைத்தே மருந்து கொடுப்பார்கள். அது அரைகுறை வைத்தியம் இல்லை, உலக சுகாதார நிறுவனமே ஏற்றுக்கொண்ட முறைதான்.

எந்த அறிகுறியோடு போனாலும் ரத்தத்தில் மூன்று பார்க்கச் சொல்லுங்கள்: சிபிலிஸுக்கு வி.டி.ஆர்.எல். அல்லது ஆர்.பி.ஆர்., எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி. புண் உள்ள இடம் எச்.ஐ.வி. நுழைய வாசல் திறந்துவிட்டாற்போல, அதனால் ஒன்று இருந்தால் மற்றதையும் பார்த்தே ஆக வேண்டும்.

நாள் கணக்கு இங்கேயும் முக்கியம். உறவு வைத்த மறுநாளே எச்.ஐ.வி. சோதித்து "நெகட்டிவ்" என்று நிம்மதி அடைவதில் அர்த்தமில்லை. லேபில் செய்யும் நான்காம் தலைமுறைச் சோதனைக்கு 45 நாள், விரல் நுனி ரத்தத்தில் செய்யும் உடனடிச் சோதனைக்கு 90 நாள் கழித்துத்தான் முடிவான பதில். சிபிலிஸுக்கும் புண் வந்த புதிதில் ரத்தம் நெகட்டிவாகக் காட்டலாம். ஆகவே இன்று ஒரு முறை, மூன்று மாதம் கழித்து ஒரு முறை.

உங்கள் சம்மதம் இல்லாமல் எச்.ஐ.வி. சோதனை செய்யக் கூடாது, முடிவை ஊர் முழுக்கச் சொல்லவும் கூடாது, 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம் அதைத் தடுக்கிறது. மனைவிக்கு ஆபத்து இருந்து, நீங்கள் சொல்ல மறுத்தால் மட்டும், உங்களிடம் பேசிய பிறகு மருத்துவரோ ஆலோசகரோ அவரிடம் தெரிவிக்கச் சட்டத்தில் இடமுண்டு.

ஐந்தாம் படி: சிகிச்சை

அளவுகளை எழுதுவது நீங்களே வாங்கிப் போடுவதற்காக இல்லை. சீட்டில் என்ன எழுதியிருக்கிறது, ஏன் எழுதியிருக்கிறது என்று புரிய வேண்டும், பாதியில் நிறுத்தாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வெட்டைக்கு இன்று நம்பத்தக்கது செஃப்ட்ரியாக்சோன் ஊசி, ஒரே ஒரு தடவை. அரசு மையங்களில் நிறம் வைத்துப் பிரித்த மருந்துப் பொட்டலங்கள் உண்டு, சீழுக்குத் தருவது சாம்பல் நிறம்: செஃபிக்சிம் 400 மில்லிகிராமும் அசித்ரோமைசின் 1 கிராமும், ஒரே வேளையில். கிளமிடியாவுக்கு டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம் தினம் இரண்டு வேளை, 7 நாள். டாக்சிசைக்ளினை நிறையத் தண்ணீரோடு உட்கார்ந்தோ நின்றோ விழுங்குங்கள், போட்டவுடன் படுத்தால் உணவுக்குழாயைப் புண்ணாக்கும். பாலோடும் இரும்புச்சத்து மாத்திரையோடும் சேர்க்காதீர்கள். வெயிலில் தோல் சீக்கிரம் கறுக்கும். மூன்றாம் நாள் எரிச்சல் நின்றுவிடும், அப்போதுதான் எல்லோரும் நிறுத்துகிறார்கள். 14 மாத்திரையும் முடிய வேண்டும். முடித்தும் சீழ் நிற்காவிட்டால் திரும்பப் போங்கள், டிரைக்கோமோனாஸ், மைக்கோபிளாஸ்மா என்று வேறு கிருமிகள் இருக்கின்றன, மருந்தும் வேறு.

சிபிலிஸுக்கு பென்சாதைன் பென்சிலின் 24 லட்சம் யூனிட், பெரும்பாலும் இரண்டு பிட்டத்திலும் பாதிப் பாதியாகப் போடுவார்கள். ஊசி நன்றாக வலிக்கும், மறைக்கவில்லை. முதல் ஒரு வருடத்துக்குள் பிடித்தால் ஒரே தடவை போதும். ஒரு வருடம் தாண்டியிருந்தால், அல்லது எப்போது வந்ததென்றே தெரியாவிட்டால், வாரம் ஒன்றாக மூன்று வாரம். 1943இலிருந்து இந்த நோய்க்குப் பென்சிலின் கொடுக்கிறார்கள், இன்றுவரை கிருமி அதற்குப் பழகவில்லை, மருத்துவத்தில் இப்படி ஒன்று கிடைப்பது பெரிய பாக்கியம். ஊசி போட்ட அன்று குளிரும் காய்ச்சலும் உடம்பு வலியும் வரலாம், தடிப்பு கொஞ்சம் கூடலாம். கிருமிகள் கூட்டமாகச் சாவதால் வருவது அது, ஒரு நாளில் அடங்கும், ஒவ்வாமை என்று பயந்து அடுத்த ஊசியை விடாதீர்கள். ஆனால் போட்ட சிறிது நேரத்திலேயே மூச்சு வாங்குவது, முகம் வீங்குவது உண்மையான ஒவ்வாமை. அதற்காகத்தான் அரை மணி நேரம் அங்கேயே உட்காரச் சொல்கிறார்கள், டீ குடிக்க வெளியே போய்விடாதீர்கள். பென்சிலின் ஆகாதவர்களுக்கு டாக்சிசைக்ளின் 14 நாள், பழைய நோய் என்றால் 28 நாள்.

ஹெர்பிஸை உடம்பிலிருந்து அடியோடு நீக்கும் மருந்து இல்லை. ஏசைக்ளோவிர் 400 மில்லிகிராம் மூன்று வேளை, 7 முதல் 10 நாள் போட்டால் வலி குறைந்து சீக்கிரம் ஆறும். திரும்ப வரும்போது நமநமப்பு தொடங்கிய உடனேயே போட்டால் பலன் அதிகம். அடிக்கடி வந்தால் தினசரி மாத்திரையாக மாதக்கணக்கில் தருவார்கள். வருடம் போகப் போக இது தானாகவே குறையும். இதற்காக வாழ்க்கையே முடிந்தது என்று இடிந்துபோய் உட்கார்ந்திருந்த கல்யாணமாகாத பையன்களிடம் நான் சொன்னதும் இதைத்தான்.

அரையாப்புக்கு டாக்சிசைக்ளின் 21 நாள். மருக்களுக்கு மருத்துவரே தடவும் மருந்து, குளிரூட்டி உறையவைப்பது, சுட்டு எடுப்பது என்று வழிகள், பல தடவை போக வேண்டியிருக்கும். சொறிக்குப் பெர்மெத்ரின் களிம்பு, கழுத்துக்குக் கீழே ஒரு இடம் விடாமல், ராத்திரி பூசிக் காலையில் குளித்து, ஒரு வாரம் கழித்து மறுபடியும். வீட்டில் உள்ள எல்லோரும் ஒரே ராத்திரியில் பூச வேண்டும், துணி, போர்வையை வெந்நீரில் போட வேண்டும்.

எச்.ஐ.வி. பற்றி இன்னும் பழைய பயம் போகவில்லை. 1986இல் இந்தியாவில் முதன்முதலாக இதைக் கண்டுபிடித்தது சென்னை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள்தான். அன்றைக்குக் கொடுக்க மருந்தே இல்லை. இன்றைக்கு ஏ.ஆர்.டி. மையத்தில் பெரும்பாலானவர்களுக்கு தினம் ஒரே ஒரு மாத்திரை, இலவசம், கண்டுபிடித்தவுடனே தொடங்குகிறார்கள். ஒழுங்காகச் சாப்பிட்டு ரத்தத்தில் வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உறவின் மூலம் அது இன்னொருவருக்குப் பரவாது.

ஆறாம் படி: மனைவியிடம் சொல்வது

எட்டு வருடத்தில் மிகக் கடினமாக இருந்தது இதுதான். ஊசி போடச் சரி என்பார், மாத்திரைக்குச் சரி என்பார், மனைவியைக் கூட்டிவாருங்கள் என்றால் அத்தோடு போன் எடுக்க மாட்டார். ஒரு ஓட்டுநர், முப்பது வயது இருக்கும், வலியில்லாத புண் வந்து தானாக ஆறியவர். எத்தனையோ முறை சொல்லியும் வரவில்லை. அடுத்த வருடம் அவர் மனைவிக்கு ஏழாம் மாதத்தில் குழந்தை வயிற்றிலேயே இறந்தது, அப்புறம் எடுத்த சோதனையில் இருவருக்கும் சிபிலிஸ். அந்தம்மா என்னைப் பார்த்து, "ஒரு ஊசியில போயிருக்குமாமே, நெஜமாவா?" என்று கேட்டதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

பெண்களுக்கு வெட்டையும் கிளமிடியாவும் பெரும்பாலும் வெளியே தெரியாது. உள்ளே கருக்குழாயை அடைத்து, குழந்தை இல்லை என்று ஊரார் அவர்களைத்தான் பேசுவார்கள். நீங்கள் மட்டும் மருந்து போட்டால் அவரிடமிருந்து உங்களுக்கே திரும்ப வரும்.

சொல்வதற்கு ஒரு வழி: "எனக்கு ஒரு தொற்று இருக்கு, டாக்டர் பார்த்துட்டார், உனக்கும் இருக்கலாம்னு சொன்னார், ரெண்டு பேரும் சேர்ந்து போலாம்." எங்கிருந்து வந்தது என்ற கேள்வி வரும். பொய் சொல்லி அவர்மேல் பழியைத் திருப்ப வேண்டாம். தனியாகச் சொல்லத் தைரியம் இல்லாவிட்டால் மையத்து ஆலோசகர் முன்னால் வைத்துப் பேசலாம், அதுதான் அவர்கள் வேலையே. அவர் கர்ப்பமாக இருந்தால் அன்றைக்கே சொல்ல வேண்டும். உங்கள் மருந்தை அவருக்குப் பங்கு வைக்கக் கூடாது, சில மருந்துகள் கர்ப்பிணிக்கு ஆகாது.

மற்ற துணைகளுக்கும் சொல்ல வேண்டும். வெட்டை, கிளமிடியா என்றால் கடந்த 60 நாளில் உறவு வைத்தவர்கள், சிபிலிஸ் புண் என்றால் அறிகுறிக்கு முந்தைய மூன்று மாதத்தில் உறவு வைத்தவர்கள்.

ஏழாம் படி: முடிந்துவிட்டதா என்று உறுதி செய்வது

ஒரே வேளை மருந்து என்றால் போட்டதிலிருந்து 7 நாள், ஏழு நாள் மருந்து என்றால் அது முடியும்வரை, இருவருமே உறவைத் தவிர்க்க வேண்டும். புண் இருந்தால் முழுக்க ஆறும்வரை. வெட்டை, கிளமிடியா வந்தவர்கள் மூன்று மாதம் கழித்து மறுபடி சோதித்துக்கொள்ள வேண்டும், பழைய இடத்திலிருந்தே திரும்ப வருவது அவ்வளவு சாதாரணம்.

சிபிலிஸில் ஊசி போட்டதோடு கணக்கு முடியாது. வி.டி.ஆர்.எல். முடிவை 1:32 என்பது மாதிரி எண்ணில் கேட்டு வாங்கிப் பத்திரமாக வையுங்கள். 3, 6, 12 மாதத்தில், முடிந்தவரை ஒரே லேபில், மறுபடி பாருங்கள். 1:32 என்பது 1:8 அல்லது அதற்கும் கீழே இறங்கினால் மருந்து வேலை செய்திருக்கிறது. இறங்காமல் நின்றாலோ திரும்ப ஏறினாலோ மருத்துவரைப் பாருங்கள். டி.பி.எச்.ஏ. என்ற சோதனை குணமான பிறகும் பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க பாசிட்டிவாகவே காட்டும், அதைப் பார்த்து மறுபடி நோய் வந்துவிட்டது என்று பயப்படாதீர்கள். வெளிநாடு போகிறவர்கள் சிகிச்சை எடுத்த சீட்டையும் இறங்கிய எண்களையும் கையோடு வைத்திருங்கள்.

இனி வராமல் இருக்க

ஆணுறையை உறவு ஆரம்பிக்கும் முன்பே போட வேண்டும், நடுவில் அல்ல. நுனியைக் கிள்ளிக் காற்றை வெளியேற்றி, அடிவரை உருட்டி, முடிந்ததும் விறைப்பு தளர்வதற்குள் அடியைப் பிடித்துக்கொண்டு எடுக்க வேண்டும். நம் ஊரில் நடக்கும் பெரிய தப்பு தேங்காய் எண்ணெய், வாஸ்லின் தடவுவது. எண்ணெய் பட்டால் ரப்பர் சில நிமிடத்தில் பலமிழந்து கிழியும், தண்ணீர் சார்ந்த ஜெல் மட்டும்தான் ஆகும். வண்டி டேஷ்போர்டில் வெயிலில் மாதக்கணக்கில் கிடந்த பாக்கெட்டையும் நம்பாதீர்கள், ஓட்டுநர்களிடம் நான் அதிகம் சண்டை போட்டது இதற்காகத்தான்.

மஞ்சள் காமாலை பி தடுப்பூசி போடாதவர்கள் 0, 1, 6 மாதம் என்று மூன்று ஊசி போட்டுக்கொள்ளலாம். எச்.பி.வி. தடுப்பூசி பெண்களுக்கு மட்டுமானது இல்லை. இந்தியாவிலேயே தயாராகும் செர்வாவேக் 9 முதல் 26 வயது வரை ஆண்களுக்கும் அனுமதிக்கப்பட்டது, உறவு தொடங்கும் வயதுக்கு முன்பே போட்டால் பலன் முழுசாகக் கிடைக்கும். எச்.ஐ.வி. ஆபத்து தொடர்ந்து இருப்பவர்களுக்கு முன்கூட்டியே சாப்பிடும் ப்ரெப் மாத்திரை உண்டு, எச்.ஐ.வி. இல்லை என்று சோதித்த பிறகே தொடங்க வேண்டும்.

ஒன்றுக்கு மேற்பட்ட துணை உள்ளவர்கள், மாதக்கணக்கில் வீட்டை விட்டு ஓடும் வேலையில் இருப்பவர்கள், உடம்பில் ஒரு குறையும் தெரியாவிட்டாலும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை வி.டி.ஆர்.எல்.லும் எச்.ஐ.வி.யும் பார்த்துக்கொள்ளுங்கள். வண்டிக்கு எஃப்.சி. தேதி குறித்து வைக்கிற அதே டைரியில் இந்தத் தேதியையும் எழுதி வைக்கச் சொல்வேன். அப்படி எழுதி வைத்தவர்கள் சிலர், நான் வேலையை விட்ட பிறகும், தேதி வந்ததும் எனக்குப் போன் போட்டு எந்த மையத்துக்குப் போகட்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.